தவணை குறிக்கப்படாத சட்டங்கள்

ஒரு சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறிற்று என்று பத்திரிகையில் படித்ததும், மறுநாள் முதலே அதன் பலன் கிட்டிவிடும் என்று அங்கத்தினர்களில் பலர் எண்ணுகின்றனர். உறுப்பினர் கல்வி வகுப்புகளில் இது பற்றிய கேள்வி அடிக்கடி எழுகின்றது. "எங்கள் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் பிறர் கையில் சிக்காமல் காப்பதற்கு 2023ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டதாமே, பின் ஏன் முன்பின் அறியாதவர்கள் எங்கள் பெயரைச் சொல்லி, கடன் வேண்டுமா என்று கைபேசியில் கேட்கிறார்கள்?" என்கின்றனர். நியாயமான கேள்விதான். இதற்கு விடை காண வேண்டுமாயின், சட்டம் நிறைவேறுதல் ஒன்று, அமலுக்கு வருதல் மற்றொன்று என்பதை முதலில் தெளிந்துகொள்ளல் அவசியம்.

உதாரணத்துக்கு வெளியே எங்கும் போக வேண்டுவதில்லை. நம் சங்கங்கள் எதன்கீழ் இயங்குகின்றனவோ அந்தத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983ஆம் ஆண்டின் 30ஆவது சட்டமாகும். ஆயின் அது அமலுக்கு வந்தது 1988 ஏப்ரல் 13ஆம் தேதியன்று. அதன் விதிகளும் 1988ஆம் ஆண்டு விதிகள் என்றே வழங்குகின்றன. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய 1961ஆம் ஆண்டுச் சட்டமே சங்கங்களை ஆண்டது. பெயரில் உள்ள ஆண்டைக் கொண்டு ஒரு சட்டத்தின் வயதைக் கணிக்கலாகாது என்பதற்கு நம் வீட்டிலேயே சாட்சி இருக்கின்றது.

மசோதா முதல் கெஜட் வரை

மந்திரிசபை அனுமதித்த மசோதா லோக்சபையிலோ ராஜ்யசபையிலோ அறிமுகமாகின்றது. சிக்கலான மசோதாவாயின் ஆராய்ச்சிக்காகக் குழுவுக்கு அனுப்புகின்றனர். லோக்சபையில் நிலுவையில் இருக்கும்போது அச்சபை கலைந்துவிட்டால் மசோதாவும் காலாவதியாகும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரு சபைகளும் ஏற்றபின் ஜனாதிபதியின் ஒப்புதல், அதன்பின் கெஜட்டில் பிரசுரம். இத்துடன் வேலை முடிந்தது என்றே எவரும் நினைப்பர்.

ஆனால் பல சட்டங்களின் முதற் பிரிவிலே ஒரு சிறு வாசகம் உண்டு. மத்திய அரசாங்கம் கெஜட்டில் அறிவிக்கும் தேதியில் இச்சட்டம் அமலுக்கு வரும் என்பதும், வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு தேதிகள் குறிக்கலாம் என்பதும் அதன் கருத்து. எந்தத் தேதிக்குள் அறிவிக்க வேண்டும் என்று அவ்வாசகம் சொல்வதில்லை. கடன் பத்திரம் எழுதிப் பழகிய நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். தவணைத் தேதி எழுதாத கடனில் தவணை தவறிய பாக்கி என்று ஒன்று ஏற்படுவதே இல்லை. யாரையும் கேட்க முடியாது. எவரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவரல்லர்.

நீதிமன்றம் சென்று கேட்கலாகாதா என்றால், அதையும் கேட்டுப் பார்த்திருக்கின்றனர். விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அதிகாரத்தைக் கட்டுப்படுத்துவதற்காக 1978ஆம் ஆண்டின் 44ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தில் 3ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்குத் தேதி குறிக்கப்படவில்லை. ஏ. கே. ராய் வழக்கில் 1981 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அமல் தேதியை அறிவிக்குமாறு அரசாங்கத்துக்குக் கட்டளையிட இயலாது என்று தீர்ப்பளித்தது. அப்பிரிவு இன்றளவும் அமலாகவில்லை. பின்னர் 1988இல் வேறொரு வழக்கு வந்தது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 30ஆம் பிரிவு அமலாகாமல் கிடந்ததே அதன் பொருள். அமல்படுத்தலாமா என்று ஆலோசிக்கும்படி மட்டும் அரசாங்கத்தைப் பணிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் அப்போது கூறிற்று. ஆலோசனை முடிந்து அப்பிரிவு அமலுக்கு வந்தது 2011 ஜூனில். சட்டம் பிறந்து ஐம்பது ஆண்டு கழிந்தபின்! நாட்டின் வழக்கறிஞர்களுக்கே இந்நிலையாயின் ஏனையோர் கதையைச் சொல்ல வேண்டுமா?

தேதி அறிவித்தாலும் போதாது. விண்ணப்பம் எந்தப் படிவத்தில் அமைய வேண்டும், எவரிடம் கொடுக்க வேண்டும், எத்தனை நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பனவெல்லாம் விதிகளில்தான் வரும். விதியில்லாத சட்டம் பாவு ஏற்றாத தறியை ஒக்கும். விதியும் வந்தபின், விசாரிக்க ஓர் ஆணையமோ வாரியமோ அமைய வேண்டும். அதற்குத் தலைவரும் அங்கத்தினரும் சிப்பந்திகளும் வேண்டும்.

இயந்திரம் காத்திருப்பதில்லை

தாமதம் எல்லாச் சட்டங்களுக்கும் பொதுவே. எனினும் தொழில்நுட்பத்தை ஒட்டிய சட்டங்களில் அதனால் விளையும் கேடு பெரிது. சொத்து வாரிசுரிமை பற்றிய சட்டம் ஐந்தாண்டு தாமதித்தாலும், அது முறைப்படுத்த வந்த குடும்பமும் நிலமும் அங்கேயே இருக்கும். இயந்திரம் பற்றிய சட்டம் ஐந்தாண்டு தாமதித்தால், அதற்குள் இயந்திரம் ஊரெல்லாம் பரவி, அதை நம்பிக் கடன் வாங்கியோரும் பிழைப்போரும் பெருகிவிடுகின்றனர். பிறகு சட்டம் வரும்போது அவர்களும் நியாயம் கேட்டு நிற்பர்.

நெசவாளருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. கைத்தறிக்கு என்று சில ரகங்களை ஒதுக்கி வைத்தல் 1950ஆம் ஆண்டிலிருந்தே உத்தரவுகள் மூலம் நடந்து வந்தது. 1974இல் சிவராமன் குழு கைத்தறித் தொழிலை ஆராய்ந்து, பாதுகாப்பு வலுப்பட வேண்டும் என்று எடுத்துக்காட்டிற்று. கைத்தறிக்கு ரகங்களை ஒதுக்கும் தனிச் சட்டம் 1985இல் நிறைவேறியது. 1986இல் 22 ரகங்கள் ஒதுக்கப்பட்டன. உடனே விசைத்தறி உரிமையாளர்கள் நீதிமன்றங்களை நாடினர்; சட்டத்தைச் செவ்வனே நடத்த இயலாது போயிற்று. சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1993 பிப்ரவரியில். வழக்கு நடந்த ஆண்டுகளில் விசைத்தறி நிற்கவில்லை. சேலையும் லுங்கியும் துண்டும் அதில் நெய்துகொண்டே இருந்தனர். 1996இல் ஒதுக்கீட்டுப் பட்டியலைத் திருத்தியபோது 22 ரகங்கள் 11 ஆகக் குறைந்தன. சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமுக்காளம், படுக்கை விரிப்பு முதலியன அவற்றில் எஞ்சின. வழக்காடுதல் எவர்க்கும் உரிமையே. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் தீர்ப்பில் வென்றவர் கைத்தறியாளராயினும், காலத்தால் வென்றவர் யார் என்பதை வாசகர்கள் தம் ஊர்த் தெருவைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம்.

விவசாயிகளுக்கும் இத்தகைய அனுபவம் உண்டு. பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் 1999 டிசம்பரில் மசோதாவாக வந்து, கூட்டுக் குழுவின் ஆய்வுக்குப் பின் 2001இல் நிறைவேறியது. அதன்கீழ் ஆணையம் அமைந்ததோ 2005 நவம்பரில். ரகங்களைப் பதியத் தொடங்கியது 2007இல். அச்சட்டத்தின் 39ஆம் பிரிவு, விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பரிமாறவும், வணிக முத்திரையிடாமல் விற்கவும் உரிமை தருகின்றது. 2019இல் குஜராத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்ட சில விவசாயிகள்மீது ஓர் உணவுக் கம்பெனி வழக்குத் தொடுத்தபோது, அவர்களுக்காகப் பேசியோர் எடுத்துக்காட்டியது இப்பிரிவைத்தான். கம்பெனி அதே ஆண்டு மே மாதத்தில் வழக்கை வாபஸ் பெற்றது. அமலில் உள்ள ஒரு பிரிவு சாதாரணக் குடியானவனுக்கு எத்தகைய துணை என்பதற்கு இது சான்று. விதைச் சட்டமோ 1966ஆம் ஆண்டினது. அதற்குப் பதிலாக 2004இல் கொண்டுவந்த மசோதா சட்டமாகவில்லை. 2025 நவம்பரில் வேறொரு வரைவு பொதுமக்கள் கருத்துக்கு விடப்பட்டது.

எண் முந்தியது, சட்டம் பிந்தியது

இனி முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம்.

ஆதார் ஆணையம் 2009 ஜனவரியில் அமைந்தது. சட்டத்தால் அமையவில்லை, அரசாங்கத்தின் ஓர் அறிவிப்பால் அமைந்தது. முதல் ஆதார் எண் 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தில் நந்துர்பார் மாவட்டத்துத் தெம்பிலி என்னும் சிற்றூரில் வழங்கப்பட்டது. ஆணையத்துக்குச் சட்ட ஆதாரம் தரும் மசோதா அவ்வாண்டு டிசம்பரில்தான் ராஜ்யசபைக்கு வந்தது. நிதித்துறை நிலைக்குழு ஓராண்டு ஆராய்ந்து, இந்த உருவில் இம்மசோதாவை ஏற்பதற்கில்லை என்று 2011 டிசம்பரில் அறிக்கை தந்தது. மசோதா நின்றது, விரல் ரேகை எடுக்கும் வேலை நிற்கவில்லை. ஆதார் சட்டம் 2016 மார்ச்சில் நிறைவேறியது. அடுத்த மாதம் முதல் வாரத்தில் ஆதார் எண்களின் தொகை 100 கோடியைத் தொட்டது. அதாவது நாட்டு மக்களில் பெரும் பகுதியினரின் ரேகையும் கண் பதிவும் சேர்ந்தபின்னரே அவற்றைச் சேர்ப்பதற்கான சட்டம் வந்தது.

சேர்த்த விவரங்களைக் காக்கும் சட்டம் இதனினும் பிந்தியது. நீதிபதி ஏ. பி. ஷா தலைமையில் திட்டக் கமிஷன் அமைத்த நிபுணர் குழு 2012 அக்டோபரிலேயே இத்தகைய சட்டத்தின் அவசியத்தை எடுத்துரைத்திருந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் ஒரே முடிவாக 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்புக்குச் சில நாட்கள் முன்னர் நியமனமான நீதிபதி பி. என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018 ஜூலையில் அறிக்கையும் வரைவு மசோதாவும் அளித்தது. திருத்திய மசோதா 2019 டிசம்பர் 11 அன்று லோக்சபைக்கு வந்து, இரு சபைகளின் கூட்டுக் குழுவுக்குச் சென்று, அங்கே இரண்டாண்டு இருந்தது. 2021 டிசம்பரில் குழு அளித்த அறிக்கையில் 81 திருத்தங்கள் கண்டிருந்தன. இத்தனை திருத்தங்களைச் செய்வதினும் புதிதாக எழுதுவதே மேல் என்று கூறி, அரசாங்கம் 2022 ஆகஸ்டு 3 அன்று மசோதாவை வாபஸ் பெற்றது. நவம்பரில் புது வரைவு வந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 2023 ஆகஸ்டு 3 அன்று டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா லோக்சபையில் அறிமுகமாயிற்று. 7ஆம் தேதி அங்கே நிறைவேறி, 9ஆம் தேதி ராஜ்யசபையில் நிறைவேறி, 11ஆம் தேதி ஜனாதிபதியின் ஒப்புதலும் பெற்றது.

ஆறாண்டு நூற்ற நூலை ஒரே வாரத்தில் நெய்து அறுத்துவிட்டனர் எனலாம். நீண்ட தாமதம் என்றால் நீண்ட ஆலோசனை நடந்திருக்கும் என்று நாம் நம்பிவிடக் கூடாது. வரைவு மாறி மாறி எழுதப்பட்ட ஆண்டுகளில் மக்கள் காத்திருந்தனர். இறுதி வடிவத்தை இரு சபைகளும் நிதானமாக அலசும் காலம் மட்டும் கிடைக்கவில்லை.

சட்டம் வந்தபின் மேலும் 27 மாதங்கள் சென்றன. வரைவு விதிகள் 2025 ஜனவரி 3 அன்று வெளியாயின. முடிந்த விதிகள் 2025 நவம்பர் மத்தியில் கெஜட்டில் வந்தன. அவற்றுடன் வந்த அறிவிப்பு சட்டத்தை மூன்று தவணைகளாகப் பகுத்தது. முதல் தவணை உடனே அமல். இரண்டாவது ஓராண்டுக்குப் பின். மூன்றாவது பதினெட்டு மாதங்களுக்குப் பின், அதாவது 2027 மே மாதத்தில்.

எது எந்தத் தவணையில் வைக்கப்பட்டது என்பதை அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நம் விவரங்களை வாங்குவோர் எதற்காக வாங்குகிறோம் என்று அறிவித்து நம் சம்மதத்தைப் பெற வேண்டும் என்பது, அவற்றைக் காக்கத் தக்க பாதுகாப்புச் செய்ய வேண்டும் என்பது, அவை வெளியில் கசிந்தால் நமக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது, நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டறியவும் பிழையைத் திருத்தவும் அழிக்கச் சொல்லவும் நமக்குள்ள உரிமைகள் எல்லாம் மூன்றாம் தவணையில் உள்ளன. முதல் தவணையில் சொற்பொருள் விளக்கங்களும், விசாரிக்கும் வாரியத்தை அமைக்கும் பிரிவுகளும், விதி செய்யும் அதிகாரமும் வந்தன. இவை முந்துவது இயல்பே. வாரியம் இல்லாமல் புகாரை எங்கே கொடுப்பது? ஆனால் இவற்றுடன் 44(3)ஆம் பிரிவும் உடனே அமலாயிற்று. அப்பிரிவு 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்துவது. முன்பு ஒருவரின் தனிப்பட்ட விவரத்தைத் தர மறுக்க வேண்டுமாயின், பொதுக் காரியத்துடன் அதற்குத் தொடர்பில்லை என்றோ, அந்தரங்கத்தில் தகாத தலையீடு ஆகும் என்றோ காட்ட வேண்டும். பொது நலன் பெரிதாயின் தந்தாக வேண்டும். இப்போது தனிப்பட்ட விவரம் என்பதே மறுக்கப் போதிய காரணமாகிவிட்டது. அதே சட்டத்தின் 8(2)ஆம் பிரிவின்படி பொது நலன் கருதி வெளியிட இன்னும் இடமுண்டு என்பது அரசாங்கத்தின் சமாதானம். அப்பிரிவு இருப்பது உண்மையே. என்றாலும், குடிமகன் கேட்கும் உரிமையைச் சுருக்கும் பகுதி அன்றே அமலாகவும், அவன் விவரத்தைக் காக்கும் பகுதி பதினெட்டு மாதம் காத்திருக்கவும் ஏற்பாடு செய்தது எனக்கு நியாயமாகப் படவில்லை. இரண்டையும் ஒரே நாளில் வைத்திருக்கலாம்.

பதினெட்டு மாத அவகாசத்தை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் அதில் நான் குறை காணேன். ஐரோப்பிய யூனியன் 2016 ஏப்ரலில் இதே பொருள் பற்றிய சட்டத்தை ஏற்றபோது, 2018 மே 25 முதல் அது செல்லும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. இரண்டாண்டு அவகாசம், ஆயினும் தேதி எல்லோர்க்கும் தெரியும். சிறிய கடையும் பெரிய கம்பெனியும் அத்தேதியை நோக்கி ஆயத்தம் செய்தன. தவணை வேறு, தாமதம் வேறு என்று சொல்வது இதனால்தான். நம் நாட்டில் 2025 நவம்பருக்குப் பின் ஓடும் காலம் தவணை. அதற்கு முன் ஓடிய 27 மாதமோ, தேதி தெரியாமலே கழிந்த தாமதம். அக்காலத்தில் எந்த நிறுவனமும் பணம் செலவிட்டு ஆயத்தம் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தாமதத்துக்குக் காரணம் ஒன்றிரண்டல்ல. பொருள் புதிது, நிபுணர்களே ஒருமிக்கவில்லை. விவரங்களை அந்நிய நாட்டில் வைக்கலாமா கூடாதா என்பதில் பெரிய கம்பெனிகளுக்கு ஆதாயமும் நஷ்டமும் இருந்தன. அவை சும்மா இருக்கவில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, மக்களின் விவரங்களை மிகுதியாக வைத்திருப்பது அரசாங்கமே. தன்னையும் கட்டுப்படுத்தக்கூடிய ஒரு சட்டத்துக்குத் தானே தேதி குறிக்க வேண்டிய நிலையில் எவரும் விரைவு காட்டார். அரசாங்க அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க 17ஆம் பிரிவில் இடம் இருப்பதும் இங்கே நினைக்கத் தக்கது.

சங்கத்தின் பங்கு

இச்சட்டத்தால் உரிமை பெறுவோர் மட்டுமல்லர் நாம். கடமை ஏற்போரும் நாமே. அங்கத்தினர் விவரத்தை வைத்து ஆளும் எந்த அமைப்பும் இதற்கு உட்பட்டது. கையால் எழுதிய பேரேடு மட்டும் இருக்கும்வரை சட்டம் தீண்டாது. அதிலுள்ளதைக் கணினியில் ஏற்றியதும் சட்டத்துக்குள் வந்துவிடும். 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய மந்திரிசபை 2022 ஜூனில் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அனுமதி அளித்தது. ஆகவே பயிர்க்கடன் வாங்கியவரின் சிட்டா, அடங்கல், நகைக்கடன் வைத்தவரின் கணக்கு, நெசவாளரின் அடையாள அட்டை எண், கூலி செல்லும் வங்கிக் கணக்கு ஆகிய யாவும் இன்று மின் பதிவுகளாகியுள்ளன அல்லது ஆகிவருகின்றன.

ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் நான் காணும் நிலைமை பெரிதும் ஒன்றுபோலவே இருக்கின்றது. பணப் பெட்டிக்கு இரண்டு சாவி உண்டு. ஆதார் நகல்கள் அடங்கிய அலமாரிக்குப் பூட்டே இல்லை. ஒரே அங்கத்தினரிடம் சேர்க்கையின்போது ஒரு நகல், கடனுக்கு ஒரு நகல், மானியத்துக்கு ஒரு நகல், தள்ளுபடிப் பட்டியலுக்கு ஒரு நகல் என்று வாங்கி, எதையும் திருப்பாமல் கட்டிப் போட்டிருப்பர். கணினியின் கடவுச்சொல்லைச் சிறு காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருப்பர். பயனாளிகள் பட்டியலை வங்கிக் கணக்கு எண்ணோடு சேர்த்துக் கைபேசிக் குழுவில் போட்டுவிடுவதும் உண்டு. இருநூறு பேர் பார்ப்பர், அவர்களில் எவர் யாருக்கு அனுப்புவார் என்பதை யாரும் அறியார். இவற்றில் எதுவும் தீய எண்ணத்தால் நடப்பதன்று. ஒரே ஒரு காரியதரிசி, மாதக் கடைசியில் பத்து அறிக்கை அனுப்ப வேண்டியவர், வேறென்ன செய்வார்? ஆயினும் ஒருவரின் ஆதார் நகலும் கையெழுத்து மாதிரியும் பிறர் கைக்குப் போய், அவர் பெயரில் அவரறியாமல் கணக்கோ கடனோ ஏற்பட்டால், கூலிக்கு நெய்யும் குடும்பம் அதை அவிழ்க்க எத்தனை நாள் தறியை விட்டு அலைய வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தக்க பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அது உச்ச வரம்பே. சிறு சங்கத்துக்கு அவ்வளவு விதிப்பர் என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சங்கத்துக்குத் தண்டம் என்றால் அது அங்கத்தினர் பங்குப் பணத்திலிருந்துதான் போகும்.

2027 மே வரை காத்திராமல் செய்யக்கூடியவை பல. சங்கத்திடம் யாருடைய என்னென்ன விவரங்கள், எந்த அலமாரியில், எந்தக் கணினியில் உள்ளன என்று சரக்கிருப்புப் பட்டியல்போல ஒரு பட்டியல் எழுதுவதே முதல் வேலை. நூல் இருப்புக்கும் உர இருப்புக்கும் ஆண்டுதோறும் கணக்கெடுக்கும் நமக்கு இது புதிதன்று. விதிப்படி பாதுகாக்க வேண்டிய பதிவேடுகளை விடுத்து, ஏனைய பழைய நகல்களை நிர்வாகக் குழுவின் தீர்மானம் பெற்று அழித்துவிடலாம். விவரம் கேட்கும் படிவத்தின் தலையில், எதற்காகக் கேட்கிறோம் என்று இரண்டு வரி தமிழில் அச்சிடலாம். அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள ஒரு மொழியிலோ பெறும் உரிமையைச் சட்டமே நமக்குத் தருகின்றது. ஆகையால் வங்கியோ கம்பெனியோ ஆங்கிலப் படிவத்தை நீட்டும்போது, தமிழ் எங்கே என்று கேட்கவும் இப்போதே பழகிக்கொள்ளலாம். பெயரில் எழுத்துப் பிழை, பட்டா எண்ணில் பிழை என்று வரும் அங்கத்தினரை மூன்று முறை நடக்கவிடாமல், திருத்தக் கோரிக்கைக்கு ஒரு பதிவேடு வைத்தல் நலம்.

இடைக்காலத்தில் நஷ்டம் அடைந்தவருக்கு வழி ஏதும் இல்லையா என்றால், உண்டு. அது பலர் அறியாதது. 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்னும் பிரிவு உள்ளது. இதன் வரலாறும் தாமதக் கதையே: 2008 டிசம்பரில் பார்லிமெண்டு ஏற்ற திருத்தத்தால் சேர்ந்து, 2009 அக்டோபரில் அமலாகி, 2011 ஏப்ரலில் விதி பெற்றது. வங்கிக் கணக்கு, கடவுச்சொல், உடற்கூற்று அடையாளம் முதலிய நுண்மையான விவரங்களை மின்வழியில் வைத்திருக்கும் கம்பெனியோ, வணிகம் செய்யும் பிற அமைப்போ, அசட்டையால் ஒருவருக்கு நஷ்டம் விளைவித்தால் அவருக்கே ஈடு கொடுக்க வேண்டும் என்பது அப்பிரிவு. 5 கோடி ரூபாய் வரையுள்ள கோரிக்கையை விசாரிக்கும் அதிகாரி, மாநில அரசாங்கத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர். புதிய சட்டத்தின் மூன்றாம் தவணை அமலாகும் நாளில் இந்த 43ஏ பிரிவு நீங்கிவிடும். புதிய சட்டத்தில் வாரியம் விதிக்கும் தண்டம் இந்தியாவின் தொகு நிதிக்குச் செல்லுமேயன்றி, நஷ்டப்பட்டவர் கைக்கு வராது. ஆதலின் ஏற்கெனவே இவ்வாறு நஷ்டம் கண்டு, கையில் வங்கி அறிக்கையும் காவல் நிலைய ரசீதும் வைத்துக்கொண்டு, புதிய சட்டம் வரட்டும் என்று காத்திருக்கும் அங்கத்தினர் எவரேனும் இருப்பின், அவர் காத்திருப்பது தமக்கே பாதகம். பழைய பிரிவின்கீழ் மனுவை இப்போதே கொடுத்துவிட வேண்டும். மனு எழுதச் சங்கத்துக் காரியதரிசி உதவலாம். பற்று வரவு நகலும், விவரம் எந்த நாளில் எவரிடம் கொடுக்கப்பட்டது என்பதற்கான சான்றும் அதனுடன் இணைக்கப்பட வேண்டும்.